ஒன்பது குழியும் ஓர் ஒட்டியாணமும்

பாரிசின் லா சப்பலில் குணரத்தினம் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். கோல்ப் குணம் என்று கேட்டால் ஒரே ஆள்தான். சனிக்கிழமை பின்னேரம், மெத்ரோப் பாலத்துக்குக் கிட்ட உள்ள தேத்தண்ணிக் கடையில், கையில் உழுந்து வடையோடு நின்றுகொண்டு, ஆயிரத்து எண்ணூற்று அறுபதாம் ஆண்டைப் பற்றி யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பார். வடை ஆறிப்போகும். கேட்கிறவனின் தேத்தண்ணியும் ஆறிப்போகும். மனுசன் விடமாட்டார்.

கோல்ப் என்றதும் பெரிய பணக்காரன் என்று நினைக்கக்கூடாது. ஐம்பத்தாறு வயது, வில்லியே லே பெல்லில் நாலாம் மாடியில் வீடு, பாதி நாள் லிப்ட் வேலை செய்யாது. வந்த புதிதில் எட்டு வருசம் உணவகங்களில் கோப்பை கழுவினார். பிறகு பாரிசுக்கு வடக்கே ஒரு கோல்ப் திடலில் புல் வெட்டுகிற வேலை கிடைத்தது. மெசினில் ஏறி உட்கார்ந்த முதல் நாளே, இனிச் செத்தாலும் கூரைக்குக் கீழே வேலை இல்லை என்று முடிவெடுத்துவிட்டார். இருபத்தைந்து வருசமாக அதே திடல், அதே புல்.

சரித்திரப் பைத்தியம் பிடித்தது ஒரு மாரிகாலத்தில். உறைந்த புல்லில் கால் வைத்தால் புல் கறுத்துப் போகும், அதனால் அந்த நாட்களில் திடலில் இறங்க முடியாது. மேலாளர் ழான்-லூக் இவரிடம் ஒரு துணியைக் கொடுத்து, கிளப் கட்டடத்து நடையில் மாட்டியிருக்கும் படங்களைத் துடைக்கச் சொன்னார். நாற்பது சட்டம். எல்லாம் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியின் கதை. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி பிரெஞ்சு. குணரத்தினம் ஒரு படத்தைத் துடைப்பார், தெரியாத சொல்லைக் கடதாசியில் எழுதுவார், தேத்தண்ணி நேரத்தில் ழான்-லூக்கிடம் கேட்பார். மூன்று மாரிகாலம் போக நாற்பது சட்டமும் பாடம். மற்றவர்கள் வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தார்கள், இவர் தூசி தட்டிப் படித்தார்.

பிரெஞ்சுக் குடியுரிமைக்கு நேர்முகம் வைத்தபோது, நாட்டுக்குப் பெருமை தேடித்தந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயரைச் சொல்லுங்கள் என்று நேர்முகம் எடுத்த அதிகாரி அம்மா கேட்டா. எல்லோரும் மன்னர், தளபதி என்று பாடமாக்கிக்கொண்டு போவார்கள். குணரத்தினம் யோசிக்காமல் "அர்னோ மஸ்ஸி" என்றார். அம்மாவுக்கு விளங்கவில்லை. பியாரிட்சில் மத்தி மீன் வள்ளத்தில் வேலை செய்த பொடியன், ஆயிரத்துத் தொளாயிரத்து ஏழில் இங்கிலாந்துக்குப் போய், ஓப்பனை வென்ற முதல் வெளிநாட்டுக்காரன், அவனுக்குப் பிறகு இன்றுவரை ஒரு பிரெஞ்சுக்காரனும் அதை வெல்லவில்லை என்று இவர் இருபது நிமிசம் விளக்கினார். அம்மா பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டா. குடியுரிமை வந்துவிட்டது. அதற்காகத்தான் வந்தது என்று இவர் இன்றைக்கும் நம்புகிறார்.

இந்தக் கதை எல்லாம் வாயோடு நின்றிருந்தால் வீட்டில் கரைச்சல் வந்திராது. மூன்று வருசத்துக்கு முதல், தேத்தண்ணிக் கடையில் சேலைக்கடை பாலச்சந்திரன் ஒரு கேள்வி கேட்டான். அங்கே தொடங்கியது வினை.

"சரி அண்ணை, அந்த முதல் போட்டியிலை வெண்டவனுக்கு என்ன கப் குடுத்தவங்கள்?"

"கப் இல்லையடா. அது பிறகு வந்தது. ஸ்கொட்லாந்திலை பிரெஸ்ட்விக் எண்ட இடம். எட்டே எட்டுப் பேர் விளையாடினவங்கள். வெண்டவனுக்கு இடுப்புப் பட்டி. சிவப்புத் தோல், வெள்ளிப் பூட்டு. தொடர்ந்து மூண்டு வருசம் வெண்டால் பட்டி அவனுக்கே சொந்தம்."

"இடுப்பிலை கட்டுறதோ? அப்ப அது ஒட்டியாணம்தானே!"

கடை முழுக்கச் சிரித்தது. குணரத்தினம் சிரிக்கவில்லை. கையில் இருந்த வடையைப் பார்த்தபடி நின்றார். அடுத்த கிழமை பாலச்சந்திரனின் கடைக் கண்ணாடியில், சேலைப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டிருந்தது. "லா சப்பல் தமிழர் ஓப்பன். ஆடி மாதம், திங்கட்கிழமை. எட்டுப் பேர், ஒன்பது குழி. பரிசு ஒட்டியாணம். தொடர்ந்து மூன்று முறை வெல்பவருக்கு அது நிரந்தரச் சொந்தம்." திங்களில் கிளப் பூட்டு. பழகுகிறவர்களுக்கென்று இருக்கும் சின்ன ஒன்பது குழியை ஒரு நாளைக்கு விளையாட ழான்-லூக் அனுமதி கொடுத்திருந்தார்.

ஒட்டியாணம் யாருடையது? மனைவி கஜந்தினியுடையது. வண்ணார்பண்ணையில் சொல்லிச் செய்த வெள்ளி ஒட்டியாணம், மேலே பொன்பூச்சு, நடுவில் இரண்டு மயில். கல்யாணத்துக்குக் கட்டினது.

"விசரே உங்களுக்கு?" என்றா கஜந்தினி.

"இஞ்சரப்பா, படம் எடுக்க மட்டும்தான். பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்து அலமாரிக்குள்ளை வைப்பன். வாற ஏழு பேருக்கும் மட்டையின்ரை எந்தப் பக்கத்தைப் பிடிக்கிறதெண்டே தெரியாது. என்னை ஆர் வெல்லுறது?"

ஏழு பேர்கூடச் சேரவில்லை, ஆறு பேர்தான் பெயர் கொடுத்தார்கள். எட்டுப் பேர் இல்லாமல் தொடங்கினால் சரித்திரம் பிழைத்துப்போகும் என்று குணரத்தினம் ஒற்றைக்காலில் நின்றார். முந்தின சனிக்கிழமை பாலச்சந்திரன், சட்டை தைக்கக் கொடுத்ததை எடுக்க வந்த கோசலையைப் பிடித்தான். கோசலை கூசேன்வில்லில் இருப்பவ, விமான நிலையத்தில் நிலம் துடைக்கிற வேலை, ஐம்பது வயது, வாயும் கொஞ்சம் நீளம்.

"எனக்குத் திங்கள் லீவுதான். சாப்பாடு தருவியளோ?"

"கஜந்தினியக்கா றோல்ஸ் கொண்டு வருவா."

"அப்ப வாறன்."

வந்தா. ஒரே ஒரு கட்டை மட்டையை எடுத்தா. தும்புத்தடி பிடிக்கிற மாதிரிப் பிடித்தா. இருபது வருசம் மைல்கணக்கில் நிலம் துடைத்த இடுப்பு, அசையாமல் நேரே திரும்பி நேரே வந்தது. பந்து உயரவும் இல்லை, தூரப் போகவும் இல்லை. ஆனால் ஒருக்காலும் பக்கத்தில் விலகவில்லை. குணரத்தினம் ஏழாம் குழியில் வித்தை காட்டப் போய் இரண்டு பந்தைக் குளத்துக்குள் விட்டார். குறைய அடித்தவருக்குத்தான் வெற்றி, கணக்குப் பார்த்தால் கோசலைக்கு முப்பத்தொன்பது அடி, இவருக்கு நாற்பத்தொன்று.

ஒட்டியாணத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு கோசலை ஆர்.இ.ஆர். ரயில் ஏறிவிட்டா.

"முதல் போட்டியிலையும் இப்பிடித்தானப்பா," என்று குணரத்தினம் வீட்டில் சமாதானம் சொன்னார். "கிழவன் டொம் மோரிஸ் எண்டு ஒருத்தன். அந்தத் திடலைப் போட்டதே அவன், புல்லுப் பாத்ததும் அவன். அவன்தான் வெல்லுவான் எண்டு எல்லாரும் நிண்டவங்கள். ரெண்டே ரெண்டு அடியிலை தோத்தான். எனக்கும் ரெண்டு அடி! பாத்தியளே?"

கஜந்தினி பார்க்கவில்லை. இரண்டு நாள் சோற்றுக்குக் குழம்பு இல்லை.

அடுத்த வருசமும் கோசலை, அடுத்த வருசமும் குணரத்தினம் இரண்டாவது. "அதே கிழவன் டொம், பிறகு தன்ரை மகனிட்டையும் தோத்து ரெண்டாவதா வந்தவன்," என்று தொடங்கினார். கஜந்தினி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா.

மூன்றாவது வருசம் பகிடி முடிந்துபோயிற்று. மகள் அக்‌ஷராவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை யோஹான் புதுச்சேரிக் குடும்பம், தாய் மரி-லூயிஸ் முப்பது வருசம் வரி அலுவலகத்தில் இருந்து ஓய்வெடுத்தவ. காலையில் ஐயர், பின்னேரம் மாதா கோயிலில் சாமியார் என்று எல்லாம் பேசி முடித்தாயிற்று. மண்டபம், சாப்பாடு, மேளம் எல்லாம் சரி. ஒட்டியாணம் மட்டும் கூசேன்வில்லில்.

"இந்த முறை அவ வெண்டால் அது அவவுக்கே போயிடும்," என்றா கஜந்தினி. "என்ரை ஒட்டியாணம் இல்லாமல் என்ரை பிள்ளை மணவறையிலை ஏறமாட்டாள்."

"கோசலையிட்டை ஒரு நாளைக்குக் கேட்டால் தராமல் விடுவாவே?"

"என்ரை சாமானை நான் இரவல் கேக்கிறதோ? தோத்தது நீங்கள். வெண்டு கொண்டாங்கோ."

தனக்கு அந்தப் பாரமே வேண்டாம், குத்தும் என்று அக்‌ஷரா பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தாள். தாய் திரும்பிப் பார்த்த பார்வையில் தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

அந்த இரண்டு மாதமும் குணரத்தினம் வேலை தொடங்க அரை மணித்தியாலம் முந்திப் போய், ஒன்பது குழியையும் நாள்தோறும் அடித்துப் பழகினார். வித்தை காட்டுகிற அடியை விட்டார். குளத்தைக் கண்டால் கும்பிட்டுவிட்டுக் கட்டை மட்டையை எடுத்தார். சனிக்கிழமைகளில் தேத்தண்ணிக் கடைக்குப் போனாலும் கதையைக் குறைத்துவிட்டார். ஆளுக்கு ஏதோ வருத்தம் என்று பாலச்சந்திரன் பயந்துபோனான்.

ஆடித் திங்கள் வந்தது. நல்ல வெயில். கோசலை துவாயை அவிழ்த்து, கஜந்தினி கொண்டுவந்த தட்டில் ஒட்டியாணத்தை வைத்தா. மயில் இரண்டும் பளபளத்தன. கஜந்தினி அதைத் தொடவில்லை, ஆனால் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. நடுவர் வேலைக்கு எல்லோரும் மரி-லூயிசைப் பிடித்துவிட்டார்கள். வரி அலுவலகத்து ஆள், ஒரு அடியும் தப்பாது.

"நான் சம்பந்தின்னு பாக்க மாட்டேன் மிஸ்யே குணம், சொல்லிட்டேன்," என்றா அவ, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு.

எட்டுக் குழி முடிந்தபோது கோசலை ஒரே ஒரு அடி முன்னுக்கு. மற்ற ஆறு பேரும் எப்போதோ மட்டையை வைத்துவிட்டு றோல்சோடு பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். ஒன்பதாம் குழியில் குணரத்தினம் முதலில் அடித்தார். பந்து அழகாகப் போய்க் குழிக்குப் பன்னிரண்டு அடி தூரத்தில் நின்றது. கஜந்தினி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தா.

கோசலை அடித்தா. அன்றைக்குத்தான் முதல் தடவையாக, நேரே போன பந்து மேட்டில் பட்டு இடப்பக்கம் துள்ளி, உயரப் புல்லுக்குள் போய் மறைந்தது.

"மூணு நிமிஷம்," என்று மரி-லூயிஸ் மணிக்கூட்டைப் பார்த்தா. "அதுக்குள்ள கிடைக்கலைன்னா, ஒரு அடி தண்டம், திரும்பப் போய் முதல்ல இருந்து அடிக்கணும்."

எல்லோரும் புல்லை விலக்கித் தேடினார்கள். குணரத்தினமும் குனிந்தார், தேடுகிற மாதிரி. அவருக்குத் தேடத் தேவையில்லை. அந்த மேட்டில் பட்ட பந்து எங்கே உருளும் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர்க் குழாய் மூடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம், பங்குனியில் அவர் கையாலேயே வெட்டினது. மாதத்தில் பத்துப் பந்து அதற்குள்ளிருந்து பொறுக்குகிறார். நிமிர்ந்து பார்த்தார். கஜந்தினி அவர் முகத்தைப் பார்த்தா. இருபத்தெட்டு வருசம் சேர்ந்து வாழ்ந்தவவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறக்காதேயுங்கோ என்று கண்ணால் சொன்னா. அவரும் திறப்பதாக இல்லை. மகளின் கல்யாணம். பேசாமல் நின்றால் போதும்.

"ஒரு நிமிஷம் தான் இருக்கு," என்றா மரி-லூயிஸ்.

கோசலைக்கு எரிச்சல் வந்துவிட்டது. "குணமண்ணை, இதென்ன காடு? இதுக்குள்ளை ஒரு மாடு நிண்டாலும் தெரியாது. நான் இப்பிடி நிலம் துடைச்சால் அண்டைக்கே வீட்டை அனுப்பிப்போடுவாங்கள்."

குணரத்தினத்தின் காது சிவந்தது. குனிந்து புல்லை இன்னும் விலக்கினார்.

"அண்ணைக்கு வயசாகிப் போச்சு," என்றான் பாலச்சந்திரன், வாய் நிறைய றோல்சோடு. "ஓரமெல்லாம் கைவிட்டிட்டார்."

"மெஷின் பழுதாயிடுச்சா மிஸ்யே குணம்?" என்று மரி-லூயிஸ் உண்மையான கவலையோடு கேட்டா.

அது போதும்.

"ஆற்றை மெசின் பழுது?" மனுசன் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காகம் எழும்பியது. "இது வேணுமெண்டு வெட்டாமல் விட்ட புல்லு! அளந்து விட்ட புல்லு! ஒரு தாள் கூடக் குறைய இருந்தால் காட்டுங்கோ பாப்பம்! இருபத்தைஞ்சு வருசத்திலை என்ரை திடலிலை ஒரு பந்து காணாமல் போனதில்லை. கண் இல்லாத ஆக்கள் தேடினால் புல்லு என்ன செய்யும்? அங்கை, அந்தக் குழாய் மூடிக்கு இடப்பக்கம், ஒரு சாண். பாருங்கோ!"

பார்த்தார்கள். வெள்ளையாகக் கிடந்தது.

அவர் வாயை மூடும்போதுதான் என்ன செய்தார் என்பது அவருக்கே விளங்கியது. கஜந்தினி இருந்த பக்கம் திரும்பப் பயந்து வானத்தைப் பார்த்தார்.

கோசலை தும்புத்தடி அடி ஒன்று அடித்தா. பந்து புல்லைப் பிய்த்துக்கொண்டு வந்து, உருண்டு உருண்டு, குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அதைத் தட்டி உள்ளே விட்டால் வேலை முடிந்தது. ஆனாலும் குணரத்தினத்துக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. பன்னிரண்டு அடி தூரத்தையும் ஒரே தட்டில் போட்டால் சமம், இன்னொரு குழி விளையாடலாம். அந்தத் தரையின் சரிவு அவருக்கு உள்ளங்கை மாதிரி. நிதானமாகத் தட்டினார். பந்து சரியான பாதையில் போனது, வளைந்தது, குழியின் உதட்டில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு விரல்கடை தள்ளி நின்றுவிட்டது.

அன்றைக்குக் காலையில் அந்தத் தரையை அவ்வளவு வழுவழுப்பாக வெட்டினதும் அவர்தான்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கஜந்தினி ஜன்னல் பக்கம் இருந்தா. வெறும் தட்டு மடியில். மூன்று தரிப்பு தாண்டியதும் கேட்டா.

"பந்தை ஆர் காட்டினது?"

"நான்தான்."

"ஏன்?"

"அவ புல்லைப் பற்றிச் சொல்லிப்போட்டா."

கஜந்தினி முகத்தைத் திருப்பிக்கொண்டா. தோள் குலுங்கியது. அழுகிறா என்று நினைத்துக் குணரத்தினம் கைக்குட்டையைத் தேடினார். பார்த்தால் மனுசி சிரிக்கிறா. கண்ணில் தண்ணி வர, தட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறா.

"எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள் எண்டால் உந்தப் புல்லுத்தான். பெத்த பிள்ளையின்ரை கல்யாணத்தை விடப் புல்லு பெரிசு!"

சிரிப்பு வந்ததே தவிர, இரவல் கேட்க மாட்டேன் என்பதில் அவ இறங்கவில்லை. குணரத்தினம் கேட்கிறேன் என்றார், அதற்கும் விடவில்லை. கல்யாணத்துக்கு மூன்று கிழமை இருக்க, கூறைச்சேலை எடுக்கப் பாலச்சந்திரன் கடைக்குப் போனபோது, கோசலை அங்கே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தா. பாலச்சந்திரன் வாயில் எதுவும் தங்காது, எல்லாக் கதையும் சொல்லிவிட்டான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"கஜந்தினி, நீங்கள் ஒண்டும் கேக்க வேண்டாம்," என்றா கோசலை. "இரவல் தரவும் எனக்கு விருப்பமில்லை. மூண்டு வருசம் வேர்த்து வெண்ட சாமான். ஆனால் கல்யாணத்துக்கு எனக்குக் காட் தந்திருக்கிறியள்தானே? நான் வருவன். வந்து என்ரை கையாலை பிள்ளைக்குக் கட்டிவிடுவன். வெண்டவ கட்டிவிடுறது இரவல் இல்லை."

கஜந்தினி கொஞ்சநேரம் சேலைக் கரையைத் தடவினா.

"மத்தியானச் சாப்பாடு முடிய நீங்களும் ஒருக்காக் கட்டிக்கொண்டு படம் எடுக்கோணும்."

"எனக்கு இடுப்பு எங்கை கிடக்கு கட்ட?"

"பின்னுக்குக் கயிறு போடுவம்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பாலச்சந்திரன் சேலை விலையில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டான்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கோசலை சொன்னபடி வந்து, கூறை மாற்றிக்கொண்டு வந்த அக்‌ஷராவுக்குத் தன் கையால் ஒட்டியாணத்தைக் கட்டினா. குத்துகிறதா என்று கேட்டதற்கு, கொஞ்சம் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, கண்ணாடியில் இரண்டு தரம் பார்த்தாள் அக்‌ஷரா. மூன்றாம் தரமும் பார்த்தாள். மத்தியானம் சாப்பாடு முடிய, பின்னுக்குக் கயிறு போட்டு அது கோசலையின் இடுப்புக்கு மாறியது. "எங்கை வாங்கினது?" என்று கேட்ட பெண்களுக்கு "கோல்பிலை வெண்டது" என்று கோசலை சொல்ல, படம் எடுக்க வரிசை கட்டிவிட்டார்கள். மணமக்கள் மேடையில் சும்மா நின்றார்கள். வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் குணரத்தினம் பிரெஸ்ட்விக்கில் இருந்து தொடங்கினார். அன்றைக்கு ஒருவரும் ஓடவில்லை.

"அண்ணை, ஒட்டியாணம் போயிட்டுது," என்றான் பாலச்சந்திரன், பாயசக் கோப்பையோடு வந்து. "வாற வருசம் போட்டிக்கு என்ன செய்யிறது?"

குணரத்தினத்தின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகியது. "வாற வருசம் போட்டி இல்லை!"

"ஏன்?"

"இளைய டொம், அந்தக் கிழவன்ரை மகன், மூண்டு வருசம் வெண்டு பட்டியை வீட்டை கொண்டுபோனவன். குடுக்கப் பரிசில்லை. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொண்டிலை ஓப்பன் நடக்கவே இல்லை. விளங்குதோ? எங்கடையும் அப்பிடியே வந்திருக்கு! நான் வெண்டிருந்தால் எல்லாம் பிழைச்சிருக்கும்."

மனுசன் தோற்றதை இவ்வளவு சந்தோசமாகச் சொன்னதைப் பாலச்சந்திரன் கண்டதில்லை. "அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகுதான் அந்த வெள்ளி ஜாடி. இண்டைக்கும் குடுக்கிறாங்களே, அது. நீட்டுக் கழுத்து, வெள்ளியிலை..."

சொல்லிக்கொண்டே போனவரின் கண் மண்டப வாசலுக்குப் போய், அங்கே சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்த பன்னீர்ச் செம்பில் நின்றது. வெள்ளிச் செம்பு. நீட்டுக் கழுத்து. கஜந்தினியின் தாய்வீட்டுச் சீர்.

மணவறைப் பக்கம் நின்ற கஜந்தினி அந்தக் கண் போன திசையைப் பார்த்தா. சேலைக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, ஒரு ஓட்டம் ஓடினா. செம்பைத் தூக்கி, மிச்சப் பன்னீரைக் கணவனின் தலையில் ஒரேயடியாய்த் தெளித்துவிட்டு, வெறுஞ்செம்பைக் கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்து மூடினா.